கை அறிந்த கனம்

என் செல்லக் குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்றுதான் நான் உன்னிடம் சொல்ல வேண்டுமாம், அம்மாவின் உத்தரவு. போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், அதனால்தான் காகிதம். அண்ணனுக்குப் பதவி உயர்வு என்று பேர், வீட்டுக்கு வரும் நேரம்தான் உயர்ந்திருக்கிறது. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷமாக நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளித் தள்ளி, இப்போது என்னைத் தள்ள ஆள் வேண்டியிருக்கிறது. அலுத்துப்போச்சு குட்டி.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவை எங்கள் ஆஸ்பத்திரிக்கே பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். நடந்தே வருகிறேன் என்று முரண்டு பிடித்தவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தேன். ஆளைப் பார்த்தாலே எவ்வளவு தள்ள வேண்டும் என்று என் கை கணக்குப் போட்டுவிடும், பருத்தவர் என்றால் காலை ஊன்றி, குழந்தை என்றால் இரண்டு விரலால். அம்மாவுக்கு யோசிக்கவே இல்லை, பழகிய ஆள்தானே, அந்த அளவுக்கு ஒரு தள்ளு தள்ளினேன். நாற்காலி கையை விட்டுப் பாய்ந்து அவள் கால் லிஃப்ட் கதவில் இடித்துவிட்டது. ஊரையெல்லாம் ஒழுங்கா தள்ளுறீங்க, பொண்டாட்டின்னா மட்டும் இப்படியா என்று கேட்டாள். நர்ஸ் சிரித்தாள், நானும் சிரித்துவைத்தேன். அப்புறம்தான் உன் அரிசி டப்பா ஞாபகம் வந்தது.

பள்ளியில் படிக்கும்போது நீ அரிசி டப்பாவை நிறைத்தும் பாதியாக்கியும் தரையில் தள்ளிக் காட்டினாயே, அதே விசைதாம்ப்பா, நிறை குறைஞ்சா முடுக்கம் கூடும் என்று. இதுக்கு ஒரு புத்தகம் வேறயா, என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா என்று உன்னைக் கிண்டல் செய்தேன். இப்போது நீ வகுப்பில் அதையே சொல்லிக்கொடுக்கிறாய். அன்றைக்கு நான் கூட்டித் தள்ளவில்லை, சக்கரமும் தரையும் அதேதான். பாக்கி என்ன இருக்கிறது, நீயே சொல். பிறகு எடை பார்த்தார்கள், சால்வையோடு நாற்பத்தொரு கிலோ. நீ ஊரை விட்டுப் போகும்போது அறுபது. போனில் முகம் பார்த்துப் பேசும்போது உனக்குத் தெரியக்கூடாதென்றுதான் கழுத்துவரை போர்த்திக்கொள்கிறாள். சாப்பிட்டாச்சு என்பாள், நான் வருவதற்குள் தட்டைக் கழுவி வைத்துவிடுவாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் கண் பார்க்காததைக் கைதான் பார்த்தது, அந்த வெட்கம் எனக்குப் போகவில்லை. பரிசோதனை முடிவு வர இரண்டு வாரம் ஆகுமாம். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் டாக்டர் கேட்டார்.

விடுமுறைக்கு வருகிறேன் என்றாய், அதுவரை தள்ளிப்போடாதே. நான் எழுதினேன் என்று அவளிடம் மூச்சு விடாதே, சும்மா பார்க்கத் தோன்றியது என்று சொல். வேளைக்குச் சாப்பிடு. நீ குறைவில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். வந்ததும் அடுத்த பரிசோதனைக்கு நாற்காலியை நீ தள்ளு, என் கைக்கு இன்னும் பழைய கணக்கு மறக்கவில்லை. இரண்டு விரல் போதும்.

உன்னை எதிர்பார்க்கும்
அப்பா