இரண்டு பெடல் வண்டி

பிரியமுள்ள உங்களுக்கு,

நானும் மகளும் நலம். வண்டியும் நலம். மூன்றாவதாக எழுதியதைப் படித்ததும் உங்கள் முகம் சுருங்கியிருக்கும். போன மாதம் போனில், "அதை எடைக்குப் போட்டுடு, இனிமே எனக்கெதுக்கு வண்டி?" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. முழுவதும் படித்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அப்படிச் சொன்ன நேரத்தில் நம் வண்டி உங்கள் நண்பர் நிதானத்தின் பட்டறையில் பானெட்டைத் திறந்துகொண்டு, உள்ளே ஒன்றுமில்லாமல் நின்றது. இன்ஜின் வெடிப்பு விட்டு இரண்டு மாதமாகிறது. உங்களிடம் சொன்னால் கத்துவீர்கள் என்று சொல்லவில்லை. இப்போது கத்திக்கொள்ளுங்கள், எனக்குக் கேட்காது.

நிதானம் முதலில் சொன்னது, இதே மாதிரி பழைய இன்ஜின் ஒன்று கையிலேயே இருக்கிறது, இரண்டே நாளில் மாட்டிவிடலாம் என்று. நான்தான் கிளட்ச் வண்டி வேண்டாம், கியர் தானாக மாறுகிற ஆட்டோமேட்டிக் வேண்டும், இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்த்தே மாற்றுங்கள் என்றேன். சின்ன வேலையைப் பெரிய வேலையாக்குறீங்களே அண்ணி, எதுக்கு என்று கேட்டார். "ஓட்டப் போறது உங்க நண்பர்தான்" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு, ஆட்டோமேட்டிக் எங்கே கிடைக்கும் என்று போனில் விசாரிக்க ஆரம்பித்தார்.

அங்கே விபத்தில் உங்கள் இடது கால் போய் ஏழு மாதம். புதுக் கால் பொருத்தி மூன்று மாதம். ஊருக்கு வரும் தேதியை இரண்டு முறை சொல்லி, இரண்டு முறையும் தள்ளி வைத்தீர்கள். கம்பெனியில் ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இன்ஜின் தேடக் கிளம்பினேன்.

தேடியதில் இரண்டு அமைந்தன. ஒன்று, பெரிய காரிலிருந்து கழற்றிய இன்ஜின். மேடு ஏறும்போதெல்லாம் நீங்கள் ஸ்டியரிங்கைத் தட்டி, "இன்னும் கொஞ்சம் சக்தி இருந்தா எப்படி இருக்கும்" என்பீர்களே, அந்தச் சக்தி அதில் இருந்தது. மற்றொன்று நம் வண்டியின் கம்பெனியே பின்னாளில் வெளியிட்ட காரினுடையது, நம் பழைய இன்ஜின் அளவுதான். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் கொஞ்சம் சக்தியைத் தின்னும் என்று நிதானமே சொன்னதால், நான் பெரியதைத்தான் பிடித்துக்கொண்டேன். விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் இருக்கணும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கிற ஆளா?

பெரியது உள்ளே உட்காருமா என்று பார்க்க வேண்டும். பழைய வண்டிகள் உடைக்கும் இடம் ஊருக்கு வெளியே இருக்கிறது, இன்ஜின் இல்லாத வண்டியை அங்கே இழுத்துப் போக முடியாது. அளவெடுப்பதற்கு என்னை விட்டால் யார் என்று என் தையல் டேப்பைக் கொண்டுபோய், பானெட்டுக்குள் நீளம், அகலம், உயரம் எல்லாம் எடுத்து, பிரவுன் பேப்பரில் வரைந்து வெட்டிவிட்டேன். அங்கே போய்ப் பேப்பரை இன்ஜின் மேல் வைத்தால், அளவெடுத்துத் தைத்த சட்டை போல அச்சாகப் பொருந்தியது. நிதானமே அசந்துபோனார். கையோடு ஏற்றிக்கொண்டு வந்தோம்.

சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கினால் இன்ஜின் பாதியில் நிற்கிறது. தூக்கி இறக்கினார், திருப்பி இறக்கினார். ஓர் அங்குலம் இடிக்கிறது. கடைசியில் என் பேப்பரை வாங்கி வண்டிக்குள் வைத்துப் பார்த்தார். பேப்பரே பெரிசு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தையலுக்கு விடுகிற துணி என்று, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில், சுற்றிலும் அரை அங்குலம் விட்டு வெட்டியிருக்கிறேன்.

நிதானம் கோபப்படவில்லை. "அண்ணி, இன்ஜினை ஓரம் மடிச்சுத் தைக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். நம் மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை நான்.

பெரியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டாவதைத்தான் கொண்டு வந்தோம். பின்பக்கம் அடிபட்ட வண்டி, முன்பக்கத்தில் ஒரு கீறலில்லை. இன்ஜின், கியர் பாக்ஸ், ஒயரிங், அதன் கம்ப்யூட்டர் பெட்டி, கியர் லீவர் எல்லாமே அந்த ஒரே வண்டியிலிருந்து. இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று எடுத்தால் ஒன்றோடு ஒன்று பேசாது, சம்பந்தம் பண்ணினால் குடும்பத்தோடுதான் என்றார் நிதானம். இப்போது மேட்டில் கொஞ்சம் யோசித்துத்தான் ஏறுகிறது, ஆனால் ஏறிவிடுகிறது. நின்றால் சத்தமே இல்லை. ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்று நான் இரண்டு முறை சாவியைத் திருப்பிப் பார்த்துத் திட்டு வாங்கினேன்.

முந்தாநாள் முதன்முதலாக ஓட்டிப் பார்த்தேன். கிளம்பிய ஐந்தாவது நிமிடமே தெரு முனையில் என் இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. வண்டி குலுங்கி நின்று, மகளின் தலை முன்னால் போய் வந்தது. அடுத்த திருப்பத்திலும் அதே கதை. பக்கத்தில் இருந்த நிதானம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அந்தக் காலை மடக்கி சீட்டுல வச்சுக்குங்க அண்ணி. இந்த வண்டியில இடது கால் இருந்தா தொந்தரவுதான்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் காலை மடக்கி உட்கார்ந்தேன். அப்படியே துணிக்கடைத் தெரு வரை போய், நெரிசலில் திரும்பி, வீட்டு வாசலில் ஒழுங்காக நிறுத்தினேன். போக வர ஒரு மணி நேரம். வலது கால் ஒன்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. இது உங்களை ஆறுதல்படுத்த எழுதியதில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். லைசென்ஸை மாற்றி எழுத என்னென்ன வேண்டும் என்றும் ஆபீசில் கேட்டுவிட்டேன், ஆளை நேரில் பார்க்க வேண்டுமாம்.

ஸ்டோரில் உட்காரும் வேலை நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்து செய்கிற வேலை இங்கேயும் இருக்கிறது, நான் இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன். மகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். என்னிடம் கற்க மாட்டாளாம், அம்மா அளவு தப்பாக எடுக்கிற ஆள் என்கிறாள்.

டிரைவர் சீட்டை நீங்கள் கடைசியாக வைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து நான் நகர்த்தவில்லை. எனக்கு எட்டவில்லை, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துத்தான் ஓட்டினேன். ஏர்போர்ட் வரை அப்படியே ஓட்டி வருவேன். அங்கே தலையணைகளை எடுத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்கு மாறிக்கொள்வேன்.

தேதியை மட்டும் எழுதுங்கள். இந்த முறை தள்ளி வைக்காத தேதியாக எழுதுங்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

பக்கத்து சீட்டுக்கு ஆசைப்படும்,
உங்கள் தையற்காரி.