எதிர்வீட்டுக் கையெழுத்து

வியாழன், இரவு

ரயிலுக்குப் போற ஆக்கள் விடியவே வந்து எங்கட தெரு முழுக்கக் காரை விட்டிட்டுப் போயிடுகினம். இண்டைக்கும் டயாலிசிஸ் முடிஞ்சு வந்த என்ர மனுசனை, காரை அடுத்த தெருவில விட்டிட்டு அங்கயிருந்து நடத்தித்தான் கூட்டிவந்தன். வழியில தலைசுத்தி, எதிர்வீட்டுக் கட்டை மதிலில இருந்திட்டார்.

அது மதுரைக்காரச் செல்வத்தின்ர வீடு. குடியிருக்கிறவைக்கு மட்டும் பார்க்கிங் பெர்மிட் கேட்டு நகரசபைக்கு நான் எழுதின மனுவில, கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு போன கிழமை கதவைச் சாத்தினவர். வீட்டில மூண்டு கார். எல்லாத்துக்கும் பெர்மிட் கிடைக்காதெண்ட பயம்.

இண்டைக்கு அவரே இவரை இருத்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இவர் எழும்புமட்டும் பக்கத்திலேயே நிண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

“அந்த மனு இன்னும் இருக்காக்கா?”

“ஓம் தம்பி. ஆனா உங்கட கார்கள்?”

“ரெண்டைக் காம்பவுண்டுக்குள்ள விட்டுக்கிறோம். இந்த வரிசையில இருக்கிறவங்ககிட்டயும் நானே பேசுறேன்.”

பின்னேரம் இவர் ஜன்னலடியில நிண்டு என்னைக் கூப்பிட்டார். செல்வம் தான் கையெழுத்து வச்ச மனுவோட மூலைவீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிண்டார். இவர் கனநாளைக்குப் பிறகு சிரிச்சார்.

நகரசபை என்ன சொல்லுமோ தெரியாது. ஆனா இப்ப நான் தனியக் கேக்கேல்லை.