அம்மா மறுபடி விழுங்கப் பழகிய வருடம்

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு, ராஜபாளையத்திலிருந்து அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஜோயலும் பேரனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறோம். ஞாயிறுதோறும்தான் வீடியோவில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஒரு விஷயம் உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

வருகிற வியாழக்கிழமையோடு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகிறது. நீ அப்போது எட்டு மாதக் கர்ப்பம், விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று தெரிந்தும் டிக்கெட் தேடினாய், நான்தான் வரவேண்டாம் என்று சத்தம் போட்டேன். வலது கையும் பேச்சும் போனது உனக்குத் தெரியும். தொண்டையும் போனதை நான் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. ஆறு வாரம் மூக்கில் குழாய் போட்டுத்தான் ஆகாரம் ஊற்றினேன். உனக்குப் பிள்ளை பிறந்த அதே வாரம் குழாயை எடுத்தார்கள். விழுங்கப் பயிற்சி கொடுக்கிற அனுசியா மேடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார்கள், வியாழன்தோறும் அங்கே கூட்டிப்போவேன். அம்மா என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், இருமினாளா என்று வேளைக்கு வேளை எழுதி வைக்கச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடம் கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் ஓட்டியவன், ஸ்டீயரிங்கைத் தவிர எதையும் ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவன், சமைக்கவும் எழுதவும் உட்கார்ந்தேன். இப்போது அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மார்ச் மாதம் முழுக்கக் கேப்பைக் கூழ்தான். தண்ணீர்கூட மாவு கலந்து கெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும், நீர்க்க இருந்தால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்றார்கள். தாடையை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்க வேண்டும், ஒரு கிண்ணம் கூழுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கட்டி தட்டினால் அம்மா என்னை ஒரு பார்வை பார்ப்பாள், பேச்சே தேவையில்லை. ஒரு வியாழக்கிழமை பால்கோவா கொடுக்கலாமா என்று கேட்டேன், தொண்டையில் ஒட்டும், கூடாது என்றார்கள் மேடம். அம்மாவைப் பயிற்சிக்கு உள்ளே அனுப்பிவிட்டு நான் மட்டும் கடைக்குப் போய் நூறு கிராம் வாங்கித் தின்றேன். திரும்பி வந்ததும் அம்மா இடது கையை நீட்டி என் மீசையைத் துடைத்துவிட்டாள். அந்த வருத்தத்திலும் அவளுக்கு வாய் கோணிக்கொண்டு சிரிப்பு வந்தது.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். குருத்தோலை ஞாயிறு அன்று மத்தியானம் எனக்குக் காப்பி போட்டேன். அம்மா கட்டிலிலிருந்து அந்த டம்ளரையே பார்த்தாள். கையைக் காட்டினாள். கூடாது என்றேன். மறுபடி காட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு காரியம் கேட்டு அவள் மறுத்ததில்லை, இப்போது அவளே கண்ணில் நீர் வழியக் கேட்கிறாள். அரை டம்ளர் கொடுத்தேன் பிரியா. முதல் மடக்கு இறங்கிற்று, அவள் கண்ணை மூடிக்கொண்டாள், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும் தைரியம் வந்து மிச்சத்தையும் கொடுத்துவிட்டேன். அவள் இருமக்கூட இல்லை. அன்று நோட்டில், கூழ் ஒரு கிண்ணம், வேறொன்றுமில்லை என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் மூச்சு இரைத்தது. மதுரைக்குக் கொண்டு ஓடினேன். காப்பி நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிவிட்டது, ஏழு நாள் தீவிர சிகிச்சை. உன்னிடம், அம்மாவுக்குச் சாதாரணக் காய்ச்சல், ஊரெல்லாம் இருக்கிறது என்று சொன்னேன். நீ கைப்பிள்ளையோடு அழுவாய் என்பது பாதிதான், மீதி என் பயம். அம்மா கண் விழித்த அன்று டாக்டர் என்னைப் பார்த்து, யாராவது தண்ணியா எதுவும் குடுத்தீங்களா என்று கேட்டார். கட்டிலில் கிடந்த உன் அம்மா இடது கையால் தன் நெஞ்சைத் தட்டினாள், பிறகு டம்ளரைத் தூக்கிக் குடிக்கிற மாதிரி காட்டினாள். தானே எடுத்துக் குடித்தாளாம், துணையில்லாமல் கட்டிலைவிட்டு எழுந்திரிக்கக்கூட முடியாதவள். டாக்டர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். செத்துப் பிழைத்தவள் முதல் வேலையாக என்னைக் காப்பாற்றியிருக்கிறாள்.

அதன் பிறகு ஒரு தப்பும் பண்ணவில்லை, நம்பு. மே மாதம் சப்பட்டை மாம்பழத்தைச் சல்லடையில் தேய்த்து நார் இல்லாமல் கொடுத்தேன். ஆகஸ்டில் சாம்பாரில் ஊறிய இட்லி. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆனால் சர்ச்சுக்கு மட்டும் வரமாட்டேன் என்றாள், வாயோரம் ஒழுகுவது அவளுக்கு வெட்கம். அக்டோபரில் சர்ச்சில் அசன விருந்து. நம் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி வந்து, யக்கா நான் உங்க பக்கத்துலயே உக்காந்துக்கிடுதேன், சிந்துனா என் சேலையில சிந்தட்டும் என்று கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா வந்தாள். கறிக் குழம்பைச் சோற்றில் குழையப் பிசைந்து கொடுத்தேன். பந்தி எழுந்து, இலை எடுத்து, தரையைக் கூட்டிவிட்டார்கள், அம்மா இன்னும் பாதிதான் முடித்திருந்தாள். அவள் தனியாகத் தெரியக் கூடாது என்று முத்துப்பேச்சி மூன்று தடவை சோறு வாங்கி மெல்ல மெல்லத் தின்றுகொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவளுக்கு வயிறு சரியில்லை, சுக்குக் கஷாயம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போன வாரம் மதுரையில் மறுபடி பரிசோதனை பண்ணினார்கள். இனி தண்ணீர் அப்படியே குடிக்கலாம், சிறு சிறு மடக்காக என்றார்கள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் அனுசியா மேடம் டம்ளரில் வெறும் தண்ணீரைக் கொடுத்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். குடிச்சிட்டாங்க அங்கிள், திரும்புங்க என்றார்கள். அப்போதுதான் அந்த நோட்டில் நான் எழுதிய பொய்யை அவர்களிடம் சொன்னேன். எனக்கு அப்பவே தெரியும் என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா என் கையைத் தட்டி, திக்கித் திக்கி, பிரியாட்ட சொல்லிருங்க, மனசுல வச்சிக்கிட்டு எம்புட்டு நாளு மெலியுவீய என்றாள். ஆக, அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்குத் தெரியவில்லை, நடந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

பேரன் இப்போது சோறு தின்னப் பழகுகிறான் என்றாய். அவனை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டு, செல்போனைக் காட்டி ஏமாற்றி ஊட்டாதே. கரண்டியைக் கீழ் உதட்டில் வைத்துவிட்டுக் காத்திரு, அவனாக வாய் திறப்பான். இந்த ஒரு வேலையில் உன் அப்பனை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, பனியில் காதை மூடிக்கொண்டு போ. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் கண்ணின் மணிபோல் காப்பாராக.

இதைப் படித்துவிட்டுக் கோபம் வந்தால் என்னைத் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அம்மா பக்கத்தில் இருக்கும்போது திட்டாதே. அவள் எனக்காக உன்னோடு சண்டைக்கு வருவாள், வார்த்தை சட்டென்று வராமல் தவித்துப்போவாள், அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

உன் அன்பு அப்பா,
இம்மானுவேல்