இரண்டு மூச்சுக்கு நடுவே ஒரு கத்தரி

அன்புள்ள பாய்,

இன்று காலை மயிலாப்பூர் குளத்து முனையில் டிராமுக்காக நின்றிருந்தேன். சலவைக்காரர் ஒருவர் ஈரத் துணிமேல் கரி இஸ்திரிப்பெட்டியை இழுத்தார். ஆவி எழுந்தது. அந்தச் சூட்டு வாசனையில் கண் செருகிப்போய் நின்றேன். இரண்டு டிராம் போய்விட்டது. எனக்கென்னவோ உன் தையல் கடை வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது.

அன்று யுத்த காலம். துணிக்குத் தட்டுப்பாடு. உன் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகி, மாப்பிள்ளை ஷெர்வானிக்கு ஒரே ஒரு துண்டு கிடைத்திருந்தது. தப்பாக வெட்டினால் வேறு கிடையாது. உனக்கோ வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

"வேற டெய்லர்கிட்ட கொடுத்துடேன் பாய்" என்றேன்.

"பெத்த மகளுக்கு அத்தா செய்யற வேலை நைனா. இன்னொருத்தன் கையில எப்படிக் கொடுப்பேன்?" என்று கத்தரிக்கோலை ஆணியில் மாட்டிவிட்டாய்.

அங்கேதான் நான் வாய் கொடுத்தேன். எட்டாம் வகுப்பிலேயே வாத்தியார்களுக்குச் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லாமல் நின்றவன் ஆயிற்றே! "யோகாசனம் பண்ணு, கை நிக்கும். இமயமலைச் சாமியாருக்கே மூச்சுக் கட்டச் சொல்லிக் கொடுத்தவன் நான்." தியாகராய நகரில் ஒரு வக்கீல் வீட்டுக் கூடத்து வகுப்பை ஜன்னல் வழியாக இரண்டு நாள் பார்த்தது நிஜம். சாமியார் மட்டும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டது.

மறுநாள் விடியலில் சாந்தோம் கடற்கரை. உனக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு ஐம்பத்து மூன்று. பனியில் கட்டுமரங்கள் மணலில் கிடக்கின்றனவா, மிதக்கின்றனவா, தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் சம்மணம் போட்டுத் தைத்தவன் நீ. உட்கார்ந்ததும் ஊன்றிய கல் மாதிரி ஆகிவிட்டாய். நான் காலை மடித்தேன். தொப்பை தள்ளியது. மல்லாந்து விழுந்தேன்.

மீன்கூடையோடு போன ஒரு அம்மா நின்று, "இன்னா நைனா, கவுந்த ஆமை மாரி கீறே!" என்றாள்.

"இதுக்குப் பேரு கூர்மாசனம்மா" என்றேன், படுத்தபடியே.

"மூச்சை இழுத்துப் பிடி, எண்ணூறு எண்ணு" என்று உன்னை அதட்டினேன். பிடிக்கப் பிடிக்க உன் கை இன்னும் ஆடியது. மூன்றாம் நாள் நீ சிரித்துவிட்டாய். "ஊசியில நூல் கோக்கிறவன் மூச்சைப் பிடிப்பானா நைனா? மெள்ள விடுவான்."

அன்றிலிருந்து மூச்சை விட மட்டும் செய்தோம். இழுப்பது தானாக நடந்தது. பேச்சில்லை, எண்ணிக்கையில்லை. ஒரு காலையில் நமக்காக அலைகூட நின்றது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நீயும் பார்த்தாய்.

நிக்காஹுக்குப் பத்து நாள் இருக்கையில் கடையில் துணியை விரித்தாய். சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கத்தரியை எடுத்து, என்னைப் பார்த்தாய்.

"ஒரு உபகாரம் நைனா. வாயை மூடு."

மூடினேன். நீ மூச்சை விட்டாய். கத்தரி நகர்ந்தது. நடுக்கம் வந்ததும் நின்றது. நீ கோபப்படவில்லை, வந்த விருந்தாளி தானே எழுந்து போகட்டும் என்கிற மாதிரி காத்திருந்தாய். அது அடங்கியதும் மறுபடி நகர்ந்தது. மத்தியான வெயிலில் தூசி பொன்னாக மிதக்க, கோடு பிசகாமல் துணி இரண்டானது.

"நீ பேசாம இருந்தாத்தான் எனக்கு யோகம் வருது" என்றாய். கண் நனைந்திருந்தது.

நீ போய் இரண்டு வருஷம். உன் கை நடுக்கத்தை ஓட்டினவன் நான்தான் என்று டிராமில் பக்கத்தில் உட்காருகிறவரிடமெல்லாம் சொல்கிறேன். அது போகவே இல்லை என்பது நம் இருவருக்கும்தான் தெரியும்.

விடியலில் இன்னமும் அதே மணலில் உட்காருகிறேன், பாய். கால் இப்போது மடங்குகிறது. யாராவது வந்து பக்கத்தில் நின்றால் ஒரு பெருமைப் பேச்சு தொண்டை வரை ஏறி வரும். மூச்சை மெள்ள விட்டுக் காத்திருக்கிறேன். சில நாள், சொல்லாமலே இறங்கிப் போகிறது.