லொறி பெட்டரியும் என் கூடையும்

1997 ஒக்டோபர் 12, ஞாயிறு

இன்று நோர்வூட் டவுனுக்குப் போனது டீவிக்குப் பெரிய பெட்டரி வாங்கத்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் கரண்ட் இல்லை. இருக்கிற கார் பெட்டரி நாலு நாளில் படுத்துவிடுகிறது. டவுன் கடையில் சார்ஜுக்கு விட்டால் திரும்பி வர இரண்டு நாள். போன வாரம் படத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்துத் திரை சுருங்கி அணைந்தது. பார்க்க வந்த பக்கத்து வீட்டார் எல்லாரும் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள்.

"லொறி பெட்டரி வாங்குவோம். ரெண்டு வாரம் தாங்கும்" என்றார் என் வீட்டுக்காரர். விலை இரண்டு மடங்கு.

"யாரு தூக்குறது?" என்றேன். ரோட்டிலிருந்து லயத்துக்கு அரை மணி நேர ஏற்றம். இதுவரை பழைய கொழுந்துக் கூடையில் வைத்து, கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமந்தது நான்தான்.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவதானே!"

கூடையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கடையிலேயே லொறி பெட்டரியை அதில் வைத்து, "நீங்களே மாட்டிப் பாருங்க" என்றேன். இரண்டு எட்டு வைத்தார். கூடை சாய்ந்தது. கடைக்காரர் ஓடிவந்து பிடிக்காவிட்டால் அசிட் முதுகில் கொட்டியிருக்கும்.

பாதி விலைக்கு இன்னொரு கார் பெட்டரி வாங்கினோம். ஒன்று கடையில் சார்ஜ் ஏறும்போது மற்றதில் டீவி ஓடும். இதைவிட நல்ல கணக்கு இல்லை.

பஸ்ஸில் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் இருக்கட்டும்.

இனி சுமப்பது மாறி மாறித்தான். வியாழன் பெட்டரி மாற்றப் போவது அவர் முறை. கூடைக் கயிற்றை அவர் தலைக்கு அளவாக நீட்டிக் கட்டிவிட்டேன்.