லூயிஸ் மாட்டின பெரிய பம்ப்பு

ஹில்டா,

ராவெல்லாம் இருமிக்கினு இருந்தே, அதான் எழுப்பல. கஞ்சி வெச்சிகீறேன், சூடு பண்ணிக் குடி. சாவி மாதா படத்துக்குப் பின்னால கீது.

உங்க அண்ணன் லூயிஸ் பூசை முடிஞ்சி வருவாரு. நேத்து வெச்ச வஞ்சிரக் குழம்பு அவருக்குத்தான். அவரு நம்ம லாஞ்சு இஞ்சின்ல மாட்டின பெரிய ஆயில் பம்ப்பைக் கழட்டத்தான் நான் காசிமேட்டுக்குப் போறேன். கார் இஞ்சினுக்கு அது சரிப்படும், கார் சமமா ஓடும். லாஞ்ச் வேகம் புடிச்சா மூக்கைத் தூக்கும். இஞ்சின் அடியில கீற ஆயில் பூரா பின்னால ஓடிடும், முன்னால கீற குழாய் காத்தைத்தான் உறிஞ்சும். பம்ப்பு பெருசா இருந்தா இன்னும் சீக்கிரம். கரையில கட்டிப்போட்டு ஓட்டிப் பாத்தோம், ஆயில் அழுத்தம் காட்டுற மீட்டர் முள்ளு இறங்காம நின்னுச்சி, ரெண்டு பேரும் ஏமாந்தோம். கடலுக்குப் போனா ஆயில் ஏறல, இஞ்சின் பேரிங் தீஞ்சிபோச்சி.

அவராண்ட பதமா சொல்லு. பெரிய பம்ப்பு வேணாம்னு நான் சொன்னப்ப, "எங்கண்ணனுக்குத் தெரியாதா"ன்னு அன்னிக்கி எல்லார் எதுர்லயும் கேட்டியே, அது இன்னும் என் மனசுல கீது.

அருள்நாதன்

ஒண்ணு வுட்டுட்டேன். கடல்ல முள்ளு விழுந்ததை நான் பாத்தேன். அப்பவே இஞ்சினை நிறுத்தியிருக்கலாம். உங்க அண்ணன் தோக்கட்டும்னு கரை வரைக்கும் ஓட்டினேன்.