பிரேக்கில ஜெப எண்ணெய் வேண்டாம்

இஞ்சாருங்கோ,

நான் பின்னேர வேலைக்குப் போறன். இடியப்பம் மேசையில மூடிக் கிடக்கு. பிட்டுப் பானையைத் தொடாதேங்கோ. நீங்கள் அதுக்குள்ள எஞ்சின் கார்புரேற்றரை ஊத்தை போக அவிச்ச நாள் தொட்டு, என்ன அவிச்சாலும் பெற்றோல் மணக்குது.

நீங்கள் வந்த கையோட பாஸ்டரும் வருவார். "புது வாகனம் எடுத்திட்டம்" எண்டு இக்காஸ்ட் ஊர்ச் சபை முழுக்க அவிட்டுவிட்டியளே, அதை நம்பி ஜெபிச்சு எண்ணெய் பூச வாறார். அந்த வாகனம் நாலு சில்லுக் குவாட் பைக், அது ஹோலுக்க நிக்குது, அதின்ர எஞ்சின் குளிக்கிற தொட்டிக்க கிடக்கு எண்டதை நீங்களே அவருக்குச் சொல்லுங்கோ. கராஜ் குளிருது எண்டு உள்ளுக்குக் கொண்டு வந்தது நான் இல்லை.

பிரேக்கில மட்டும் எண்ணெய் பூச விடாதேங்கோ, பிறகு எந்த ஜெபத்துக்கும் அது நிக்காது. சீற்றில பூசட்டும்.

சீற் எண்டதும் ஞாபகம் வந்தது. "பனி கரையட்டும், ரெண்டு பேருமாச் சுத்துவம்" எண்டு மாரி முழுக்கச் சொன்னியள். இண்டைக்கு ஏறி இருந்து பாத்தன். அதில ஒரு ஆள்தான் இருக்கலாம்.

எப்சிபா

பி.கு.: கோபமில்லை. முதல் ஓட்டம் எனக்கு. நீங்கள் தேத்தண்ணிப் போத்தலோட பின்னால ஓடி வாங்கோ.